உங்களுக்குத் தெரியுமா? டைபாய்டுக்கு மருந்து கிடைத்தது நம்ம கோலாலம்பூரில்தான்!

டைபாய்டைக் குணமாக்கிய முதல் ஆன்டிபயாட்டிக் குளோரம்பெனிக்கால். அந்த மகிமை தெரிந்தது 1948-இல், கோலாலம்பூரில். அதுவும் தற்செயலாக!

• ஆய்வாளர் ஜோசப் ஸ்மாடலின் குழு அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தது உண்ணிக் காய்ச்சலுக்கு இந்த மருந்தைச் சோதிக்க. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த இருவருக்கு உண்மையில் டைபாய்டு. அவர்களும் தேறினார்கள்.

• பென்சிலின் கிருமியின் செல்சுவரைக் குலைக்கும். குளோரம்பெனிக்காலோ சுவரைத் தொடாது. உள்ளே புகுந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமை முடக்கும். கிருமி பெரும்பாலும் சாகாது, பெருகவும் முடியாது. மிச்சத்தை நம் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

• அபூர்வமாக எலும்பு மஜ்ஜையைக் கெடுப்பதால் மாத்திரையாக அதன் மவுசு போய்விட்டது. ஆனால் கம்போங் மேடானில் கண் சிவந்து கிளினிக்குக்குப் போனால், தரும் குட்டி சொட்டு மருந்து பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். அதே பெயர் இருக்கலாம்.