மரபணுத் திருத்தமும் மேய்ப்புப் பணியும்

முன்பு என்னிடம் பயின்று, இப்பொழுது மலைப்பகுதிச் சேகரமொன்றில் பணியாற்றும் இளம் ஆயர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு சிக்கலோடு என்னைத் தேடி வந்தார். அவருடைய சபையைச் சேர்ந்த இருவரது திருமண அறிக்கை முதல் ஞாயிறன்று வாசிக்கப்பட்டிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அவ்வூரில் நடைபெற்ற அரசு மருத்துவ முகாமில் இருவருடைய இரத்தமும் சோதிக்கப்பட்டு, இருவருக்கும் அட்டைகள் வழங்கப்பட்டிருந்தன. கதிர் அரிவாள் இரத்தசோகையின் மரபணுவை இருவருமே தாங்கியுள்ளனர் என்பது அவ்வட்டைகளின் செய்தி. அன்றிரவே மணமகளின் தாய் ஆயர் இல்லத்திற்கு வந்து, “ஐயா, இந்தக் கலியாணத்தை நிறுத்திவிட வேண்டுமா? மரபணுவையே வெட்டிச் சரிசெய்யும் மருந்து வெளிநாட்டில் வந்துவிட்டது என்கிறார்களே, அது மெய்யா?” என்று கேட்டிருக்கிறார். “நான் இறையியல் படித்தேன், உயிரியல் படிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன சொல்வேன்?” என்று அவர் என்னிடம் வினவினார்.

இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் எழுவதன்று. எனவே அவருக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

1. நோயின் இயல்பு

நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் உண்டு. உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்வது இதுவே. இயல்பான சிவப்பணு வட்டத் தட்டுப்போல் வளைந்து கொடுப்பது. மிக நுண்ணிய குழாய்களிலும் நுழைந்து செல்வது. ஏறத்தாழ 120 நாட்கள் உயிர்வாழ்வது. இந்நோயிலோ, உயிர்வளி குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அதனால் சிவப்பணு விறைத்துக் கதிர் அரிவாளின் வடிவத்தை அடைகிறது. அவ்வணுக்கள் 10 முதல் 20 நாட்களுக்குள் சிதைவதால் இரத்தசோகை உண்டாகிறது. அவை நுண்குழாய்களை அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் தாங்கொணா வலி எழுகிறது. மண்ணீரலும் சிறுநீரகமும் மூளையும் கேடுறக்கூடும்.

1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் இவ்வடிவமுடைய அணுக்களை முதன்முதலாக மருத்துவ ஏட்டில் விவரித்தார். இந்தியாவில் இம்மரபணு கண்டறியப்பட்ட வரலாற்றில் நம் நீலகிரிக்கு இடமுண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் இதனைக் கண்டு வெளியிட்டனர். இன்று குஜராத் முதல் ஒடிசா வரையுள்ள பழங்குடி மக்களிடையே இது பெரிதும் காணப்படுகிறது. ஆயினும் இது எந்த ஒரு குலத்திற்கும் உரிய நோயன்று. ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், மத்தியதரைக்கடல் நாடுகள் ஆகிய இடங்களிலும் உண்டு.

2. ஓர் எழுத்தின் மாற்றம்

லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் 1949-இல் இந்நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே அமைந்த வேறுபாடு என மெய்ப்பித்தனர். சில ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அவ்வேறுபாட்டைத் துல்லியமாகக் கண்டார். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளரிடத்தில் அங்கே வாலின் என்னும் வேறோர் அமிலம் இருக்கிறது. நம் மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன நூல் எனக் கொண்டால், அந்நூலில் ஒரே ஓர் எழுத்து மாறியமையே இத்துன்பத்திற்கெல்லாம் மூலம் எனலாம்.

அவ்வாறாயின், இத்தகைய கேடு பயக்கும் மரபணு தலைமுறைதோறும் ஏன் மறையாமல் நிலைத்துள்ளது? இதற்கு விடையளித்தவர் ஆன்டனி அலிசன். இம்மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் உடையவர்களைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என அவர் 1954-இல் எடுத்துக்காட்டினார். மலேரியா மிகுந்த நிலங்களில் மக்களைக் காத்த அரணே, இரு பிரதிகளாக ஒரு குழந்தையிடம் கூடும்போது நோயாகிறது. இதனை ஆயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். முன்னோர் செய்த பாவத்தின் விளைவு, குடும்பத்தின்மேல் வந்த சாபம் என்று இதனைப் பேசுவோருக்கு அறிவியல் தரும் மறுமொழி இது. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட வினாவை இயேசு ஏற்க மறுத்தார் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் அறிவோம்.

3. நான்கில் ஒன்று

ஒவ்வொருவரும் இம்மரபணுவின் இரு பிரதிகளைப் பெறுகிறோம்; ஒன்று தந்தையிடமிருந்து, மற்றொன்று தாயிடமிருந்து. ஒரு பிரதி மட்டும் மாறியிருப்பவர் நோயாளர் அல்லர். பொதுவாக நலமாகவே வாழ்வார். அவரைத் தாங்கி என்கிறோம். தாங்கியர் இருவர் மணம்புரிந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தை நோயுற்றதாய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாங்கியாய் இருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. மாற்றம் எதுவுமின்றிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இங்கே மக்கள் பெரும்பாலும் இரு தவறுகளுக்கு உட்படுகின்றனர். முதலாவது, முதற்குழந்தை நோயுற்றுப் பிறந்தால் அடுத்த மூன்றும் நலமாயிருக்கும் என எண்ணுவது. அவ்வாறன்று, ஒவ்வொரு கருவுறுதலுக்கும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. இரண்டாவது, நோய்க்குத் தாயையே குற்றஞ்சாட்டுவது. இந்நோயுள்ள குழந்தை இரு பெற்றோரிடமிருந்தும் சமமாகவே அதனைப் பெறுகிறது. மருமகளைப் பழித்துத் தாய்வீட்டிற்கு அனுப்பும் குடும்பத்திற்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்வது மேய்ப்பனின் கடமையாகும்.

தாங்கி ஒருவர், எம்மாற்றமும் இல்லாத ஒருவரை மணந்தால் குழந்தைகளுக்கு இந்நோய் வாராது. ஆயினும் துணைவர் பீட்டா தாலசீமியாவின் தாங்கியாக இருப்பின், இரண்டும் சேர்ந்து இத்தகைய நோயையே உண்டாக்கக்கூடும். மேலும், முகாமில் செய்யப்படும் எளிய கரைதிறன் சோதனை தாங்கியையும் நோயாளரையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆய்வகத்தில் மற்றொரு சோதனையால் உறுதிசெய்த பின்னரே முடிவு கூறுதல் தகும்.

4. பாக்டீரியாவிடம் கற்ற பாடம்

இனி, அந்தத் தாய் கேள்வியுற்ற மருந்திற்கு வருவோம். 1987-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இஷினோவும் அவருடன் உழைத்தோரும் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் விந்தையான தொடர்களைக் கண்டனர். அவற்றின் பொருள் அப்பொழுது விளங்கவில்லை. பின்னர் ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கோ மொஹிக்கா முதலானோர், அத்தொடர்களுக்கிடையே உள்ள துண்டுகள் பாக்டீரியாவைத் தாக்கிய வைரஸ்களின் டி.என்.ஏ.வே எனக் கண்டறிந்தனர். ஒருமுறை வந்த பகைவனின் அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அவன் மீண்டும் வரும்போது இனங்கண்டு வெட்டும் தற்காப்பு முறை அது. கிரிஸ்பர் என்பது அதன் பெயர். தயிர் உறைய உதவும் பாக்டீரியாவில் நடந்த ஆய்வு 2007-இல் இதனை மெய்ப்பித்தது.

2012-இல் இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிபர் டவுட்னா ஆகிய இரு பெண்மணிகளின் குழுவினர் இம்முறையைக் கருவியாக்கினர். காஸ்-9 என்னும் நொதி கத்தரிபோன்றது. வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்னும் சிறு இழை அதற்கு முகவரி காட்டுவது. அவ்விழையின் எழுத்துகளை நாம் விரும்பியவாறு அமைத்தால், அதற்குப் பொருந்தும் இடத்திற்குக் கத்தரி சென்று டி.என்.ஏ.வை வெட்டுகிறது. இக்கண்டுபிடிப்பிற்காக 2020-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

5. மருந்து செயற்படும் வகை

2023 நவம்பரில் பிரிட்டனும், அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அமெரிக்காவும், கிரிஸ்பர் முறையிலான முதல் மருந்திற்கு இசைவளித்தன. காஸ்ஜெவி என்பது அதன் பெயர். 12 வயதிற்கு மேற்பட்ட, கடும் வலியால் அடிக்கடி துன்புறும் அரிவாளணு நோயாளருக்கு உரியது அது.

இம்மருந்து பிழையான அந்த ஓர் எழுத்தைத் திருத்துகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தாயின் கருவிலுள்ள குழந்தை வேறொரு வகை ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதனை நிறுத்தும் தடையாக விளங்குவது பி.சி.எல்.11ஏ என்னும் மரபணு. கிரிஸ்பர் கத்தரி, சிவப்பணுக்களில் அத்தடையை இயக்கும் பகுதியை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் கருப்பருவ ஹீமோகுளோபின் மீண்டும் பெருகி, அரிவாள் வடிவம் தோன்றாமல் காக்கிறது.

செய்முறையோ எளிதன்று. நோயாளரின் இரத்த மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வெட்டித் திருத்துவர். பின்னர், வீரியமிக்க மருந்தால் அவருடைய எலும்பு மஜ்ஜையிலுள்ள பழைய உயிரணுக்களை அழித்து, திருத்தியவற்றைச் செலுத்துவர். பல வாரங்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும். மஜ்ஜையை அழிக்கும் மருந்தால் மகப்பேற்றுத் திறன் குன்றவும் கூடும். ஆய்வில், ஓராண்டிற்கு மேல் கண்காணித்து மதிப்பிடத்தக்க நிலையிலிருந்த 31 பேருள் 29 பேர், குறைந்தது தொடர்ந்து 12 மாதங்கள் கடும் வலித் தாக்குதலின்றி இருந்தனர். சிறுவயது முதல் மருத்துவமனையே வீடாக வாழ்ந்தவர்களுக்கு இது விடுதலை என்பதில் ஐயமில்லை.

6. உடலும் வித்தும்

இச்சிகிச்சை பெற்றவருடைய இரத்தம் மாறுகிறது. அவருடைய வித்தணுவோ முட்டையணுவோ மாறுவதில்லை. ஆகவே நலம் பெற்ற பின்னும் அவர் தம் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய மரபணுவையே கொடுப்பார். இதனை உடலணுத் திருத்தம் என்பர். கருவையே திருத்தி, வருந்தலைமுறைகளுக்கெல்லாம் செல்லும் மாற்றத்தை உண்டாக்குவது முற்றிலும் வேறானது. சீன நாட்டின் ஹி ஜியான்குய் என்பவர் கருவில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்ததாக 2018 நவம்பரில் அறிவித்தபோது அறிவியல் உலகமே கண்டனம் தெரிவித்தது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எண்ணிய மாற்றம் அங்கே துல்லியமாக அமையவுமில்லை.

நம் சிந்தனையில் இவ்விரண்டையும் குழப்பலாகாது. துன்புறும் நோயாளி ஒருவர், அனைத்தையும் அறிந்து, தம் இசைவோடு பெறும் சிகிச்சை மருத்துவமேயாகும். “கடவுளின் படைப்பில் கை வைப்பது” என்று அதனைப் பொதுப்படக் கண்டிப்போமாயின், அம்மை குத்துவதையும் கண்டிக்க நேரிடும். ஆனால் இன்னும் பிறவாத தலைமுறைகளின்மேல், அவர்கள் இசைவைக் கேட்க இயலாத நிலையில், மீட்க முடியாத மாற்றத்தைச் சுமத்துவது வேறு வகையான அதிகாரம். அங்கே திருச்சபை தயங்கி நின்று வினவுவது முறையே.

7. விலையும் நீதியும்

அமெரிக்காவில் இம்மருந்தின் அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர்; அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கு மேல். இந்நோயாளருள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ள ஏழைகள். குறைந்த செலவில் இத்தகைய சிகிச்சையை உருவாக்க டில்லியிலுள்ள மரபுத்தொகுதி உயிரியல் ஆய்வு நிறுவனத்தார் முயன்று வருவது நம்பிக்கை தருவது.

ஆயினும் அதுவரை கைகட்டியிருக்கத் தேவையில்லை. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரையும் கருப்பருவ ஹீமோகுளோபினைக் கூட்டி வலித் தாக்குதலைக் குறைப்பதே. அது விலை குறைந்தது. மருத்துவரின் கண்காணிப்பில் நாள்தோறும் உட்கொள்ளத்தக்கது. பிறந்தவுடன் சோதித்தறிந்து, பென்சிலினும் தடுப்பூசிகளும் கொடுத்தால் குழந்தை மரணங்களைப் பெரிதும் தவிர்க்கலாம். 2023 ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் நடுவண் அரசு தொடங்கிய தேசியத் திட்டம், 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் 7 கோடி மக்களைச் சோதிக்க முற்பட்டுள்ளது. அட்டை கொடுத்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. அட்டையை வாங்கியவருக்கு அதன் பொருளை விளக்குவார் வேண்டும்.

8. ஆயர் சொல்லத்தக்கவை

என் மாணவரிடம் நான் கூறியவை நான்கு. ஒன்று, திருமணத்தை நிறுத்தவோ நடத்தவோ ஆயருக்கு அதிகாரமில்லை, உண்மையை முழுமையாக எடுத்துரைப்பதே அவர் பங்கு, முடிவு அவ்விருவருடையது. இரண்டு, உறுதிப்படுத்தும் சோதனைக்கு அவர்களை அனுப்ப வேண்டும். கருவிலேயே சோதிக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டென்பதையும், அது எழுப்பும் மனச்சான்றின் வினாக்களையும் மறைக்கவும் கூடாது, வற்புறுத்தவும் கூடாது. மூன்று, வெளிநாட்டு மருந்தைக் காட்டிப் பொய்யான நம்பிக்கை அளிக்கலாகாது. அதே வேளையில், இந்நோயோடு பிறக்கும் குழந்தைக்கு வாழ்வே இல்லை என்றும் சொல்லலாகாது. நான்கு, ஒருவர் இரத்தத்தைப் பற்றிய செய்தி அவருடைய இரகசியம். அதனைப் பிரசங்க பீடத்திலோ சேகரக் குழுவிலோ பேசுதல் பெருந்தவறு. மலைநாட்டுச் சிற்றூரில் ஒரு சொல் போதும், தங்கை தமக்கையரின் மணமும் தடைப்பட.

அடுத்த ஞாயிறு இரண்டாம் அறிக்கை வாசிக்கப்படவில்லை. அவ்விருவரும் காலம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். காரணம் என்னவென்று ஆயர் சபைக்குக் கூறவில்லை. ஆய்வகச் சோதனை இருவரும் தாங்கியரே என உறுதிசெய்தது. இரு மாதங்கள் கழித்து அவர்கள் மணம்புரிந்தனர். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பிறந்தவுடனே சோதிப்பது என உறுதி பூண்டுள்ளனர். மணமகளின் தாய்க்கு இன்னும் அச்சம் நீங்கவில்லை என்று என் மாணவர் எழுதுகிறார். அவர் வாரந்தோறும் அவ்வீட்டிற்குச் சென்று வருகிறார். கிரிஸ்பர் மருந்து அம்மலையை எட்டும் நாள் வரும்வரையில் மட்டுமன்று, அது வந்த பின்னும் அந்தப் பணிக்குத் தேவை இருக்கும்.