இன்ஸ்பெக்டர் கையில் சாக்குக்கட்டி!

"இன்ஸ்பெக்டர் வருகிறார்!"

அந்தக் காலத்தில் இந்த ஒரு சொல் போதும். பள்ளிக்கூடமே நடுங்கும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பையன்கள் தலையில் எண்ணெய் வழிய வந்து உட்காருவார்கள். வாத்தியாருக்கோ வியர்த்துக் கொட்டும். வந்தவர் பதிவேட்டைப் புரட்டுவார். நாலு கேள்வி கேட்பார். குறைகளை எழுதிவிட்டுப் போய்விடுவார். குறை தெரிந்தது. அதைத் தீர்க்கும் வழி? அதை யார் சொல்வது!

சிவகாசிக்காரர்களுக்கு அந்த வழி தெரியும். 1922-ம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் இருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்வதைக் கூடவே இருந்து பழகித் திரும்பினார்கள். பிறகு அந்தத் தொழில் வட்டாரம் முழுவதும் பரவியது. எந்தக் கைத்தொழிலும் அப்படித்தான். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு அந்த வசதி ஏது? வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் அவர் தனி ஆள். பக்கத்து ஊரில் ஒருவர் புளியங்கொட்டையை வைத்தே கழித்தல் கணக்கை அழகாகச் சொல்லித் தருகிறார் என்றால், இவருக்கு எப்படித் தெரியும்? பல பள்ளிகளைச் சுற்றி வருகிறவர் சொன்னால்தான் தெரியும்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954-ல் முதல்-அமைச்சர் ஆனார். ஊர் ஊராக ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார்! பாவம், அவர் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார்? அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. குறை எழுதி வந்த அதிகாரிகளே ஊர் மக்களிடம் போய்ப் பள்ளிக்குப் பெஞ்சும் பலகையும் கேட்டார்கள். மாதந்தோறும் ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடும் வழக்கமும் இருந்தது. ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் நிறை குறை பேசுவார்கள்.

இதெல்லாம் ஆசிரியரின் பெருமைக்காக மட்டும் அல்ல. பாடம் புரியாத பிள்ளைதான் முதலில் பள்ளியை விட்டு நிற்கும். சிவகாசிப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு வேலை தயாராக இருந்தது. 1980-களில் பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ் கிராமங்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றது. 1986-ல் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பஸ்சைச் சட்டம் தடுக்கலாம். வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கணக்கு புரிய வைக்கச் சட்டத்தால் ஆகுமா?

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்த பிறகு, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர்கள் வகுப்புகளுக்குப் போகிறார்கள். போனில் கட்டங்களை நிரப்பிவிட்டுத் திரும்பினால், அவரும் பழைய இன்ஸ்பெக்டர்தான். சட்டை மட்டும் புதிது!

கெட்டிக்காரப் பயிற்றுநர் அப்படிச் செய்வதில்லை. கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்காருகிறார். 'ர'வையும் 'ற'வையும் குழப்பும் ஒரு பையனைக் கவனிக்கிறார். "டீச்சர், பத்து நிமிடம் நான் நடத்தட்டுமா?" என்று கேட்டுச் சாக்குக்கட்டியை வாங்குகிறார். மணி அடித்ததும் இருவரும் தனியாகப் பேசுகிறார்கள். பிள்ளைகள் எதிரில் ஒரு குறையும் சொல்வதில்லை.

அடுத்த முறை வரும்போது, அந்தப் பையனின் நோட்டைத்தான் முதலில் கேட்கிறார்.