மலையிறங்கும்போது நியூட்ரல் வேண்டாம்!

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் கார்களில் சில, பாதி வழியில் ஓரங்கட்டி நிற்கும். சக்கரத்தருகே கருகல் வாடை. 'பிரேக்கில் ஏதோ கோளாறு' என்பார்கள். பெரும்பாலும் கோளாறு பிரேக்கில் இல்லை, இறங்கிய விதத்தில்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் மேலே ஏறியதும், அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 28 மெகாஜூல். கரன்ட் கணக்கில் கிட்டத்தட்ட 8 யூனிட். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்!

ஆற்றல் அழியாது. இறங்கும்போது வேகமாகவோ வெப்பமாகவோ வந்தே தீரும். தடையே இல்லையென்றால் அடிவாரத்தில் காரின் வேகம் மணிக்கு 690 கிலோமீட்டர்! சரிவில் வளையலை உருட்டிவிட்டால் பாதி ஆற்றல் அது சுழல்வதற்கே போய்விடும். காரில் சக்கரங்களின் எடை சிறு பங்குதான். அந்த வழியில் பெரிதாக எதுவும் கழியாது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம்?

நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் முழுவதும் பிரேக் தலையில்தான். பேடு சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். கொண்டை ஊசி வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும்?

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். கியரில் இருந்தால் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். 'பெட்ரோல் மிச்சமாகுமே' என்பவர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும்.

பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராமல், தேவைப்படும்போது அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். வாடை வந்தால் சமதளத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

எலெக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு யோகம். இறங்கும்போது இந்த ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பிவிடும். ஆனால், ஊட்டியிலேயே 100 சதவிகிதம் சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது.