களரியில் புதிய அரக்கர்

செட்டிபாளையத்து ஆசிரியர்கள் கலைவிழாவுக்கு நாடகம் தேடுங்கால், பேராசிரியர் மௌனகுருவின் 'சங்காரம்' கண்ணிற்படுதல் வேண்டும். ஆண்டுக் கணக்கிற் பழையதாயினும் பொருளிற் புதியது.

விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, 1964இல் 'இராவணேசனை' அரங்கேற்றினார் வித்தியானந்தன். அதில் இராவணனாக ஆடிய மௌனகுருவோ, 1969இல் அரசனையே களரியிலிருந்து இறக்கிவிட்டார்! 'சங்காரத்'தில் சாதியும் வர்க்கமும் அரக்கர்களாய் வடமோடித் தாளத்துக்கு வரவு ஆடுகின்றன. எதிர்த்து நிற்பவர் உழைப்பாளர்.

பாத்திரங்கள் வெறுங் கருத்துருவங்களாய் நிற்பது குறையே. கர்ணனுக்குக் கண்ணீர் விட்ட பாட்டி இங்கே அழமாட்டாள். ஆயினும் அண்ணாவியாரை அழைத்து, மத்தளத்துடன் பழக்குங்கள். ஆடும் மாணவன், நம்மூரில் முன்பு அரச வேடம் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அப்பொழுது கேட்பான். மழுப்பாமல் விடை சொல்லுங்கள்.