சாகோஸ் தீவுகளும் நம் மீனவரும்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் மறைந்து நெடுங்காலமாயிற்று என்று எண்ணும் நேயர்கள் தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நலம். நமது குமரிமுனைக்குத் தென்மேற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தூரத்தில், சாகோஸ் கூட்டத்தைச் சேர்ந்த டீகோ கார்ஸியா என்னும் தீவு இருக்கிறது. 1965-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் அக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்துத் தமக்கென வைத்துக்கொண்டனர். 1968 முதல் 1973 வரையில் குடிகள் அனைவரையும் கப்பலேற்றி அப்புறப்படுத்தினர். அவர்களில் இந்தியாவிலிருந்து சென்ற கூலிகளின் சந்ததியாரும் உண்டு. காலியான தீவில் அமெரிக்கப் படைகளுக்காகச் சுமார் 12,000 அடி நீளத்தில் விமான ஓடுபாதை அமைந்தது.

கடல் கடந்த சிறு தீவுகளில் விமானப் பிரயாணத்தையும் இயற்கைச் செல்வத்தையும் பாதுகாப்பதில் தமக்கு நிகரில்லை என்பது லண்டன் அதிகாரிகளின் பெருமை. அதில் உண்மை இல்லாமலில்லை. அத்தீவுகளின் சிவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கவே 2003-இல் தனி ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினர். நெப்போலியன் சிறையிருந்த செயிண்ட் ஹெலினாவில் 28 கோடி பவுனுக்கு மேல் செலவிட்டுக் கட்டிய விமான நிலையத்தில், காற்றின் திசையும் வேகமும் திடீரென மாறுவது ஆபத்தென்று 2016-இல் கண்டதும் பிரயாணி விமானங்களைத் தாமதித்தனர். 2017 அக்டோபரில்தான் முறையான போக்குவரத்து ஆரம்பமாயிற்று. பத்திரிகைகள் பரிகசித்தன. பரிகசிக்கட்டும், நாலாயிரத்துச் சொச்சம் ஜனங்களின் உயிரைக் கருதிக் காத்திருந்தது நியாயமே.

ஆனால் செயிண்ட் ஹெலினாவில் கேள்வி கேட்கக் குடிகள் இருக்கிறார்கள். சாகோஸில் இல்லை. அங்கே நடந்த மேற்பார்வையின் லக்ஷணத்தைக் கேளுங்கள். 2010-இல், பவளப் பாறைகளைக் காப்பதற்கென்று, சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலில் வியாபார மீன்பிடிப்பைத் தடுத்தனர். பவளம் காக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. எனினும், ராணுவத் தளம் உள்ள டீகோ கார்ஸியாவும் அதைச் சூழ்ந்த மூன்று மைல் கடலும் அத்தடைக்கு விலக்கு! அத்தீவின் உப்பங்கழியில் அமெரிக்கக் கப்பல்கள் பல்லாண்டுகளாகக் கழிவுநீர் கொட்டிவந்த செய்தி 2014-இல் வெளியாயிற்று. இக்காப்புப் பிரதேசம் ஏற்பட்டால் பழைய குடிகள் திரும்பிவருவது அரிதாகும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கூறியதாக அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்று 2010-இல் அம்பலமாயிற்று. மொரீஷியஸின் உரிமையைப் பொருட்படுத்தாமல் அதை ஏற்படுத்தியது சட்டவிரோதமென்று 2015-இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் வாதியே நீதிபதியாகவும் அமர்ந்தால் வேறென்ன நடக்கும்?

இது நமக்கு அயல்வீட்டு விவகாரமல்ல. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி முதலிய கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர், சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் நடுச்சமுத்திரத்தில் கிடப்பவர்கள். ஒக்கிப் புயல் 2017-இல் அவர்களிடம் வாங்கிய பலியை நாஞ்சில் நாடு மறக்காது. அத்தகையோரில் சிலர் சாகோஸ் கடலில் பிடிபட்டதும் உண்டு. தடையறிந்து எல்லை தாண்டுவோருக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. கூலிக்குப் படகேறியவனுக்கு அந்நிய நீதிமன்றத்தில் அவன் பாஷை தெரிந்தவர் ஒருவராவது வேண்டாமா என்பதே நமது கேள்வி.

சாகோஸின் ஆட்சியுரிமையை மொரீஷியஸுக்கு விட்டு, டீகோ கார்ஸியாவை மட்டும் 99 வருஷம் பிரிட்டன் வசம் வைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தாயிற்று. கடற்காவலின் விதிகள் புதிதாக வகுக்கப்படும் வேளையில் டில்லி சர்க்கார் மௌனம் சாதிக்கலாகாது. தடைக்கடலின் எல்லை காட்டும் தமிழ் வரைபடமும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியும் ஒவ்வொரு ஆழ்கடல் படகுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். பிடிபட்டோருக்கு வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் கிடைக்க மொரீஷியஸுடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். டீகோ கார்ஸியாவின் உப்பங்கழியும் அதே விதிக்கு உட்படுமா என்பதையும் டில்லி கேட்டறிந்து நம் மீனவருக்குச் சொல்லட்டும்.