சிறுவர் பற்களும் புளிப்புப் பானங்களும்

கோடைக்காலத்தில் பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுவரின் கையில் குளிர்பானப் பாட்டில் ஒன்று இருத்தல் இன்று பெரும்பாலான ஊர்களில் காணும் காட்சியாகும். இனிப்புப் பல்லைக் கெடுக்கும் என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். அப்பானத்திலுள்ள புளிப்பும் பல்லைக் கெடுக்கும் என்பதை அறிந்தோர் சிலரே.

பற்சொத்தை வேறு, பல்லரிப்பு வேறு. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றிப் பல்லில் குழி விழச் செய்வது சொத்தை. உணவிலும் பானத்திலும் உள்ள அமிலம், கிருமிகளின் துணையின்றியே, பல்லின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகக் கரைப்பது அரிப்பு. பல்லைப் போர்த்தியுள்ள எனாமலைவிடக் கடினமான பொருள் மனித உடலில் வேறில்லை. எனினும் அமிலத்தின்முன் அதுவும் இளகிவிடும்.

புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஏறத்தாழ 5.5-க்குக் கீழே எனாமல் கரையத் தொடங்கும். கோலா பானங்களின் அளவோ சுமார் 2.5. சர்க்கரை சேர்க்காத கோலாவிலும் அமிலம் இருக்கவே செய்கிறது.

பாற்பற்களின் எனாமல் மெல்லியது. 6 வயதளவில் முளைக்கும் நிலைப்பற்களும் தொடக்கத்தில் முழு உறுதி பெறாதவை. 1993-ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தில் நடந்த சிறுவர் பல்நலக் கணக்கெடுப்பில், 5 வயதினருள் ஏறக்குறையப் பாதிப்பேரின் முன் பாற்பற்களில் அரிப்புக் காணப்பட்டது.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதுபோலவே, எவ்வாறு குடிக்கிறோம் என்பதும் முக்கியமாகும். வாயில் வைத்துக் கொப்பளித்தும், நெடுநேரம் சிறிது சிறிதாக உறிஞ்சியும் குடித்தால் அரிப்பு மிகும். உமிழ்நீரே அமிலத்தைத் தணிக்கும் இயற்கைக் காவல். உறக்கத்தில் அது குறைந்து சுரப்பதால், படுக்குமுன் இத்தகைய பானம் அருந்துதல் தீது. எலுமிச்சை, மாங்காய், புளி ஆகியவற்றை ஓயாது சப்பும் பழக்கமும் அத்தகையதே. அடிக்கடி வாந்தியோ எதுக்களிப்போ உள்ள குழந்தையின் பற்களை வயிற்று அமிலமே அரிக்கக்கூடும். அக்குழந்தையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

தாய்மார் நல்லெண்ணத்தால் செய்யும் தவறு ஒன்றுண்டு. புளிப்பு உண்ட குழந்தையை உடனே பல் துலக்கச் செய்வர். இளகிய எனாமலைத் தூரிகையும், கரித்தூளும், சாம்பலும் எளிதில் தேய்த்துவிடும். முதலில் நீரால் வாய் கொப்பளிக்கச் செய்து, ஒரு மணி நேரமேனும் கழித்துத் துலக்குவதே நன்று.

முன்பற்களின் விளிம்பு மெலிந்து ஒளி ஊடுருவுதல், பல் மஞ்சளித்தல், கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சிறு பள்ளம் தோன்றுதல், குளிர்ந்த நீர் பட்டால் கூசுதல் ஆகியவை அரிப்பின் அறிகுறிகள். பெருமழையில் கரைந்துபோன மேல்மண்ணைப் போன்றதே எனாமலும். போனது தானே திரும்பி வாராது. ஆதலின் அறிகுறி கண்டவுடன் பல் வைத்தியரை நாடுக.

தாகத்திற்கு நீரே சிறந்தது; பாலும் நன்று. மோர் புளிப்புடையதே எனினும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துப் பல்லைக் காக்கும். நம் சங்க விழாக்களில் சிறுவர்க்குப் பாட்டில் பானத்திற்கு மாறாக, எலுமிச்சை பிழியாத நீர்மோர் வழங்குவோமாக. செலவு சிறிது, பயனோ வாழ்நாள் முழுதும் நிற்பது.