பெரட்டுப் புத்தகத்தில் இருப்பது யார் பெயர்?

ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பேர் போடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். ரந்தாவ், சிலியாவ், லுக்குட் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். லின்சம், கொம்போக், சுவா பெத்தோங் என்று தோட்டத்தின் பெயரை இன்னும் சுமந்து நிற்கும் நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளில் படித்த மாணவர்கள் பலருக்கே பெரட்டு என்ற சொல் இன்று புதிதாக இருக்கலாம்.

என் தாத்தாவுக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய நிரையைப் பாட்டிதான் வெட்டுவார். பால் நிறுக்கும்போது தாத்தாவின் பெயரில் எழுதிக்கொள்வார்கள். புத்தகத்தை மட்டும் பார்த்தால் தாத்தா ஒருநாள்கூட நோயில் படுத்ததில்லை. இதனால் யாருக்கும் நட்டமில்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை. ஒருநாள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று புகார் வந்தால் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது? புத்தகத்தில் இருப்பவரையா, அன்று மரம் வெட்டியவரையா?

அதே கேள்வியைத்தான் நான் இப்போது கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, மாதச் சம்பளத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வேலை மேகக் கணிமையின் தணிக்கைப் பதிவேடுகளைப் படிப்பது. நிறுவனங்கள் இப்போது சொந்தமாகக் கணினிகளை வாங்கி அடுக்குவதைக் குறைத்துக்கொண்டு, அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகள் போன்றவற்றின் கணினிகளை வாடகைக்கு எடுக்கின்றன. அமேசானின் மேகக் கணிமைப் பிரிவான ஏ.டபள்யூ.எஸ். 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் வட்டாரத்தைத் திறந்துவிட்டது. ஆகவே இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் வேலை இல்லை. நீலாய், போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்குகளில் படிப்பவர்களும் நாளை செய்யக்கூடிய வேலைதான்.

அங்கே நடக்கும் செயல்களைக் கிளவுட்டிரெயில் என்ற பதிவேடு எழுதி வைக்கிறது. யார், எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து, என்ன செய்தார் என்று ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். இதில் 'யார்' என்பதுதான் சிக்கல். முக்கியமான வேலைகளை ஊழியர் தன் சொந்தப் பெயரில் செய்வதில்லை, ஒரு 'ரோல்' எடுத்துக்கொண்டு செய்வார். தோட்டத்தில் தண்டல் விடுப்பில் போனால் அன்றைக்கு இன்னொருவர் தண்டலாக நிற்பார் அல்லவா, அதுபோல. ரோலை எடுத்ததும் ஒரு தற்காலிகச் சாவி கிடைக்கும். வழக்கமாக ஒரு மணி நேரம், கூடிப்போனால் 12 மணி நேரம். பிறகு அது செல்லாது. நிரந்தரச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரிவதைவிட இது பாதுகாப்பு. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் பதிவேட்டில் விழுவது தண்டலின் பெயர். 'அட்மின் ரோல் இதைச் செய்தது' என்று இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சிறு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு செஷன் பெயர் என்று பெயர். உலாவியில் ரோலை மாற்றிக்கொண்டால் உங்கள் பயனர் பெயரே அந்த இடத்தில் போய் உட்காரும். ஸ்கிரிப்ட் வழியாக ரோலை எடுத்தால், தடை எதுவும் போட்டு வைக்காதவரை, நீங்கள் எழுதுவதுதான் பெயர். 2 எழுத்திலிருந்து 64 எழுத்துவரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். பக்கத்து மேசைக்காரர் பெயரைக்கூட எழுதலாம்.

நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் அப்படித்தான் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தரவுத்தளத்தின் காப்பு நகல்கள் இரண்டு அழிந்துபோயின. பதிவேட்டில் அட்மின் ரோல், அதன் பக்கத்தில் அங்கே தொழிற்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவியின் பெயர். தோட்டத்துப் பிள்ளை, அப்பா இன்னும் செம்பனை வேலையில் இருக்கிறார். பயிற்சி முடிய மூன்று வாரந்தான் இருந்தது. மேலாளர் பயிற்சி அறிக்கையில் எழுத வேண்டிய வரியை மனத்தில் முடிவு செய்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் "நான் செய்யலை அண்ணா" என்று ஒரு தடவைதான் சொன்னார். திரையில் அவர் பெயர் இருக்கும்போது அதற்குமேல் என்ன சொல்வது?

நான் பெயரை விட்டுவிட்டுச் சாவியைப் பிடித்தேன். ஒவ்வொரு பதிவிலும் எந்தச் சாவியால் வேலை நடந்தது என்று அதன் எண் இருக்கும். தற்காலிகச் சாவியின் எண் ஏ.எஸ்.ஐ.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும்; நிரந்தரச் சாவியின் எண் ஏ.கே.ஐ.ஏ. என்று தொடங்கும். நகல்களை அழித்தது ஒரு தற்காலிகச் சாவி. அப்படியென்றால் அதை யாரோ, எப்போதோ கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய நிகழ்ச்சி 'அசியூம் ரோல்' என்ற பெயரில் தனியாகப் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவின் விடைப் பகுதியில் கொடுக்கப்பட்ட சாவியின் எண்ணும், அதே பதிவின் தலைப்பகுதியில் கேட்டவரின் அடையாளமும் இருக்கும். சாவியின் எண்ணை வைத்துத் தேடினேன், கிடைத்தது. கேட்டவர் மனிதர் இல்லை. இன்னொரு ரோல்!

இதை ரோல் சங்கிலி என்பார்கள். ஒரு ரோலில் நின்றுகொண்டு இன்னொரு ரோலை எடுப்பது. ஆகவே மறுபடியும் ஒரு படி பின்னால் போனேன். அந்த இரண்டாவது ரோலின் சாவியை எடுத்துத் தேடியபோது ஏ.கே.ஐ.ஏ. சாவி ஒன்றில் போய் முட்டியது. அது வேறொரு பிரிவின் தானியங்கி வேலைக்கான சாவி. மாணவி சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிக்கொடுத்திருந்தார். அதில் செஷன் பெயராகத் தன் பெயரைப் போட்டிருந்தார். அந்தப் பிரிவு அதை அப்படியே எடுத்து, அழிக்கும் வரிகளைச் சேர்த்து ஓட்டியிருக்கிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. சம்பவ நேரத்தில் அவர் சிரம்பான் போகும் கொம்யூட்டர் ரயிலில் இருந்தார்.

தேடியது மொத்தம் ஒரு பிற்பகல். இரண்டு கணக்குகளுக்கு நடுவே சங்கிலி போயிருந்தால் இன்னும் நேரம் பிடித்திருக்கும். அப்போது ஒரே நிகழ்ச்சி இரு கணக்குகளின் பதிவேட்டிலும் விழும். இரண்டிலும் பொதுவாக ஓர் எண் இருக்கும், அதை வைத்துத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் இந்த நிகழ்ச்சிகளை 90 நாள்தான் திரும்பிப் பார்க்க முடியும். நான்காவது மாதம் விழித்துக்கொண்டால் ஒன்றும் மிஞ்சாது.

நான்கு மாதம் என்பது மிகைப்படுத்தல் இல்லை. 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்தது உலகமறிந்த வழக்கு. தவறாக அமைக்கப்பட்ட ஒரு தடுப்புச் சுவர் வழியாக நுழைந்தவர், அந்தக் கணினிக்குக் கொடுக்கப்பட்டிருந்த ரோலின் தற்காலிகச் சாவியை எடுத்துக்கொண்டார். அந்த ரோலாகவே நின்று சேமிப்பு இடங்களைப் பட்டியலிட்டு, தரவுகளை நகலெடுத்தார். அமெரிக்காவில் சுமார் 100 மில்லியன் பேர், கனடாவில் சுமார் 6 மில்லியன் பேரின் விவரங்கள் போயின. பட்டியலிட்ட கட்டளை மார்ச் 22ஆம் தேதியே பதிவேட்டில் இருந்தது. ஆனால் அதைச் செய்தது வங்கியின் சொந்த ரோல். கவனித்திருந்தால், கட்டளை வந்த இணைய முகவரி அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பைச் சேர்ந்தது என்று கண்டிருக்கலாம். வங்கிக்கு விஷயம் தெரிந்தது ஜூலை 17ஆம் தேதி, வெளியார் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். தரவு பற்றிய கோப்பு கிட்ஹப்பில் கிடந்தது. அந்தப் பக்கத்தின் முகவரியில் செய்தவரின் பெயரே இருந்தது. ஜூலை 29ஆம் தேதி கைது. மறு ஆண்டு ஆகஸ்டில் வங்கிக்கு 80 மில்லியன் டாலர் அபராதம்.

திருடியவர் தன் பெயரை வெளியே விட்டு வைத்திருக்காவிட்டால், ரோலின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆளை எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதற்கு ஏ.டபள்யூ.எஸ். 2021 ஏப்ரலில் ஒரு வழி கொண்டுவந்தது. 'சோர்ஸ் ஐடென்டிட்டி' என்று பெயர். முதல் ரோலை எடுக்கும்போது ஆளின் அடையாளத்தை ஒருமுறை குத்திவிட்டால், அந்தச் சங்கிலி முடியும்வரை அதை மாற்ற முடியாது. எத்தனை ரோல் தாவினாலும் கூடவே வரும். தாத்தாவின் நிரையைப் பாட்டி வெட்டினாலும், 'வெட்டியது பாட்டி' என்று வாளியிலேயே எழுதிவிடுவது போல. செஷன் பெயர் பயனர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி போடவும் வழி இருக்கிறது. இரண்டும் தானாக நடக்காது, யாராவது உட்கார்ந்து அமைக்க வேண்டும். பல இடங்களில் அந்த 'யாராவது' இன்னும் வந்து சேரவில்லை.

நம் நாட்டில் 2025 ஜூன் 1 முதல், தனிப்பட்ட தரவு கசிந்து பெரும் பாதிப்பு ஏற்படும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். மூன்று நாளில் ரோலுக்குப் பின்னால் நின்ற ஆளைத் தேடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எஸ்.பி.எம். முடித்து எந்தப் படிப்பு என்று யோசிப்பவர்கள் இந்தத் துறையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். கணிதத்தில் புலியாக இருக்கத் தேவையில்லை. பொறுமையும், கண்ணில் படும் முதல் பெயரை நம்பாத குணமும் வேண்டும்.

வீட்டிலேயே பழகலாம். ஏ.டபள்யூ.எஸ். கணக்கு ஒன்று திறந்து, ஒரு பயனரையும் இரண்டு ரோல்களையும் உருவாக்குங்கள். பயனரும் ரோலும் உருவாக்கக் கட்டணம் இல்லை. முதல் ரோலிலிருந்து இரண்டாவதை, செஷன் பெயராக உங்கள் தம்பியின் பெயரைக் கொடுத்து எடுங்கள். பிறகு கிளவுட்டிரெயிலில் நிகழ்ச்சி வரலாற்றைத் திறந்து, தம்பியிலிருந்து உங்கள்வரை சாவி சாவியாகப் பின்னால் நடந்து வாருங்கள். பதிவு விழச் சில நிமிடங்கள் ஆகும். காணவே இல்லையென்றால் வட்டாரத்தை வட வர்ஜீனியாவுக்கு மாற்றிப் பாருங்கள். ரோல் எடுக்கும் நிகழ்ச்சி சில வேளைகளில் அங்கேதான் போய் விழும்.